சுவர்ப் பக்கம் திரும்பி

கரியாலூர்
20.1.2025

அன்புள்ள அவருக்கு,

நலம்தானே? இங்கே பள்ளிக்கூட வாசலில் நின்றால்தான் சிக்னல். பக்கத்தில் மற்ற டீச்சர்கள் நாலு பேர் நிற்பார்கள். இதைப் போனில் கேட்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பொங்கல் லீவில் வந்தேனே, அன்று ராத்திரி ஷிப்ட் என்று கிளம்பிப் போனீர்கள். சாப்பாட்டை மறந்துவிட்டீர்களே என்று, ஆலையில் உங்களோடு வேலை செய்கிற பச்சமுத்துவுக்குப் போன் போட்டேன். "அண்ணனுக்கு இன்னிக்கி லீவாச்சே அண்ணி, வூட்ல இல்லியா?" என்றார். அப்படியானால் எங்கே போனீர்கள்?

வீட்டில் இருந்தாலும் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறீர்கள். நான் வந்தால் திரையை அணைக்கிறீர்கள். யாரோடு பேச்சு? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
சந்தியா

ரிஷிவந்தியம்
25.1.2025

சந்தியாவுக்கு,

பச்சமுத்து தெரியாமல் உளறியிருப்பான். என்னை வேவு பார்க்கத்தான் ஆலைக்குப் போன் போட்டாயா?

நானும் ஒன்று கேட்கிறேன். உன் அம்மா என் தங்கை ரம்யாவிடம், "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா, புருஷன் பொண்டாட்டி நல்லாத்தான கீறாங்க?" என்று கேட்டிருக்கிறார். நீ அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? நம் வீட்டுப் பேச்சு யார் யாருக்குப் போயிருக்கிறது?

மற்றபடி, நீ என்ன நினைக்கிறாயோ அப்படியே வைத்துக்கொள்.

தமிழழகன்

கரியாலூர்
30.1.2025

அவருக்கு,

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணமான நாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்றா?

"அப்படியே வைத்துக்கொள்" என்றால் ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அவள் பெயரையாவது சொல்லுங்கள். இந்த வார லீவுக்கு நான் மலையை விட்டு இறங்கி வீட்டுக்கு வரப்போவதில்லை.

சந்தியா

ரிஷிவந்தியம்
9.2.2025

அன்புள்ள சந்தியாவுக்கு,

ஒருத்தியும் இல்லை. அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். உன் பக்கத்தில் வந்து படுக்கப் பயமாக இருந்தது.

ராத்திரியெல்லாம் பாய்லர் பக்கம். பகலில் தகரக் கூரைக்குக் கீழே புரண்டு படுத்தால் கண் மூடுவதற்குள் எழுந்துவிடுகிறேன். கல்யாணத்தன்று என்னால் முடியவில்லை. அலுப்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ கையை மேலே போட்டாலே, இன்றைக்கும் முடியாதோ என்று நெஞ்சு படபடக்கும். அந்த நினைப்பிலேயே எல்லாம் போய்விடும். தோட்டத்தில் போனில் பார்த்ததெல்லாம் இதற்கு மருந்து சொல்கிற வீடியோக்கள். ஒருவனிடம் சூரணம் வாங்கித் தின்று வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

போன வாரம் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே லேடி டாக்டர். திரும்பி ஓடலாம் என்றிருந்தது. அந்தம்மா முதலில் கேட்டது, "தூக்கம் எப்படிப்பா?" சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார். சரியாக இருக்கிறதாம். தூங்கி எழும்போது உடம்பு எப்படி இருக்கும் என்றார். சில நாள் சரியாகவே இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"அப்ப உடம்புல கோளாறு இருக்கிற மாதிரி தெரியலப்பா. தூக்கமும் இல்லாம பயந்துக்கினும் இருந்தா யாருக்கும் இப்படி ஆகும். அந்தச் சூரணத்தத் தூக்கிப் போடு. அடுத்த தடவ வூட்டம்மாவக் கூட்டிக்கினு வா" என்றார்.

பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வருவாயா?

உன்
தமிழழகன்

கரியாலூர்
13.2.2025

அன்புள்ள அவருக்கு,

இல்லாத ஒருத்தியோடு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். அவளுக்கு நிறம், புடவை எல்லாம்கூட வைத்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் ஒன்று ஆறவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று என்னிடம் சொல்வதைவிட, உங்களைக் கெட்டவர் என்று நான் நினைத்துக்கொள்வது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நீங்கள் சொல்வதை நம்புகிறேன். உங்களை நம்ப இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். இங்கே நல்ல குளிர், கம்பளி வாங்கி வைத்திருக்கிறேன். வந்ததும் படுத்துத் தூங்குங்கள். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நான் எழுப்ப மாட்டேன்.

சந்தியா