தெருவே தூக்கிய பாவு

9-2-72, புதன்

வயிறு எரிகிறது. யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காலையில் தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூலை, தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டியிருந்தார்கள். எதிர்ச்சாரிக்குப் போக வேண்டுமானால் நூலில் படாமல் அடியில் குனிந்துதான் போக வேண்டும். பட்டாளத்துக்காரர் மகள் மீனாவால் குனிய முடியாது. டிசம்பர் சண்டையில் எல்லையில் குண்டு விழுந்து ஒரு கால் போய், போன மாதம்தான் இங்கே வந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகவென்று தெருவே பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கட்டையை ஊன்றிக்கொண்டு அவள் அடியில் நடந்தாள். அந்தக் கட்டையும் தெருக்காரர்கள் இழைத்துக் கொடுத்ததுதான். கக்கத்தில் உறுத்தாமலிருக்கப் பட்டுத்துணி வேறு சுற்றியிருந்தது.

என் மகள் செல்விக்கு இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போனது. அவளாலும் குனிய முடியாது; நான்கு வருஷமாகப் பாவு நீட்டும் நாளிலெல்லாம் பின்சந்து வழியாகச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்காக ஒரு கை உயர்ந்ததில்லை. குண்டு பட்ட கால்தான் உங்களுக்குக் காலா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதற்குள் பாவுக்குச் சொந்தக்காரரான முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார்.

"செல்வியும் வரட்டும்மா, தூக்கிக்கினுதானே இருக்கோம். இத்தினி வருசமா நீ ஒரு வார்த்த கேக்கலியேம்மா."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் செல்வி இல்லை. பாவு நீட்டிய நாளில் யார் கண்ணிலும் படாமல் போய்விடு என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே, பின்சந்து வழியாகப் போய்விட்டிருந்தாள்.