மேடையில் செத்துப்போன அக்கா

சகாடா,
நவம்பர் 3, 1994

நவோயே,

கடித மரியாதைப்படி முதலில் குளிரைப் பற்றியும் சிவந்த இலைகளைப் பற்றியும் நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். தெரியும். இன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

நான் எப்போதடி செத்தேன்?

நேற்றுப் பதிப்பகத்திலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. வழக்கமான வாசகர் கடிதங்கள் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே அடுக்கடுக்காக ஊதுவத்திப் பெட்டிகள். மேலே ஒரு குறிப்பு: எழுத்தாளர் மிசோனோ ரிட்சுவின் அக்கா மறைவுக்குச் செண்டாய் வாசகர்கள் அனுப்பியவையாம். பதிப்பகத்தாருக்கும் ஆழ்ந்த வருத்தமாம்.

மிசோனோ ரிட்சு என்ற பெயரில் எழுதுகிறவள் நான். மேடையில் ரிட்சுவாக நிற்கிறவள் நீ. அப்படியென்றால் ரிட்சுவின் அக்கா யார்? நான்தானே! எனக்கே இரங்கல் வந்திருக்கிறது.

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீ சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடித்து ஊர் காட்டிப் பிழைத்தவள். என் புத்தகத்தை வாசி, கேள்வி கேட்டால் சிரித்துச் சமாளி, எழுத்துப் பட்டறை நடத்து என்றுதான் உன்னை அனுப்பினேன். என்னைக் கொன்றுவிட்டு வா என்று சொன்னேனா?

ஊதுவத்தி அனுப்பியவர்களுக்குப் பதில் மரியாதையாக ஏதாவது பரிசு அனுப்பாமல் இருக்க முடியாது. செத்தவளே கடைக்குப் போய்த் துண்டு வாங்கிப் பொட்டலம் கட்டி அனுப்புவதா? எந்த ஊர் நியாயம் இது?

உடனே எழுது.

ஃபுகி


செண்டாய்,
நவம்பர் 8

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். விஷயம் உன் வீட்டு வாசல் வரை வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டு.

பட்டறையில் நீ சொல்லிக்கொடுத்த முறைதான். யாரும் பெயர் போடக்கூடாது. எல்லோருடைய தாளையும் கலைத்துப் போட்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்பார். எழுதியவர் கடைசி வரை வாய் திறக்கக் கூடாது. அக்டோபர் வகுப்பில் ஒரு வெற்றுத்தாள் வந்தது. யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்போது தமாயோ அம்மா எழுந்து நின்றார். சந்தைக்குப் பக்கத்தில் ஊறுகாய்க் கடை வைத்திருப்பவர். கோடையில் அவருடைய தங்கை இறந்துபோனாள்.

"பேனாவைத் தொட்டாலே தங்கச்சி முகம்தான் வருது டீச்சர். ஒரு வரி ஓட மாட்டேங்குது. செத்தவங்களை நெஞ்சுல வெச்சுக்கிட்டு எப்படி எழுதுறது? நீங்க சொல்லுங்க," என்றார்.

அக்கா, உனக்குப் பதில் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அழுகிறவர்களை அப்படியே விட்டுப் பழக்கமும் எனக்கில்லை. வாய் முந்திக்கொண்டது. "எங்க அக்காவும் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நான் நல்லா எழுதவே ஆரம்பிச்சேன்," என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு அவர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார். நான் செய்தது தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் இப்போது மறுத்துப் பேசினால் அவர் கை நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சளி பிடித்திருக்கிறதா உனக்கு? கையெழுத்து சரியில்லையே.

உன் நவோயே


சகாடா,
நவம்பர் 13

நவோயே,

சளியும் இல்லை, கிளியும் இல்லை. கோபம்.

ஊறுகாய்க்காரம்மா எழுதட்டும், நன்றாக இருக்கட்டும். அதற்கு என் பிணம்தான் கிடைத்ததா உனக்கு? ஒரு பூனையைக் கொன்றிருக்கலாமே.

உனக்குக் கைதட்டல் இருக்கிறது, பூச்செண்டு இருக்கிறது, வகுப்பு முடிந்ததும் சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிட ஆள் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? வருஷப் பிறப்புக்கு வாசகர்கள் போடும் வாழ்த்து அட்டை. அது ஒன்றுதான் எனக்கென்று வருவது. துக்க வீட்டுக்கு யாரும் வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். இந்த வருஷம் அதுவும் போச்சு.

எழுதுகிற நான் இங்கே உயிரோடு இருக்கிறேன் என்று ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விட்டால், நான் எழுதுவதற்கு என்ன அர்த்தம்?

டிசம்பர் வாசிப்புக் கூட்டத்தில் உண்மையைச் சொல். முழுதாகச் சொல். சொல்லாவிட்டால் இனி ஒரு வரி எழுத மாட்டேன். நீ எதை வாசிப்பாய் என்று பார்க்கிறேன்.

ஃபுகி


செண்டாய்,
டிசம்பர் 5

அக்கா,

சொன்னேன்.

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். நான் ரிட்சு இல்லை, ஒரு வரியும் நான் எழுதியதில்லை, எல்லாம் என் அக்கா எழுதியது, அவள் சாகவில்லை, சகாடாவில் இருக்கிறாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

யாரும் நம்பவில்லை அக்கா.

முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பின்னாலேயே எல்லோரும். செத்துப்போன அக்காதான் எனக்குள் இருந்து எழுதுகிறாள் என்று நான் சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கியது. தமாயோ அம்மா மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான் டீச்சர். எழுதுறது நான் இல்ல, என் தங்கச்சிதான்," என்றார்.

நான் என்ன சொன்னாலும் அழுகை கூடியது. அவர்கள் குனிந்து நின்ற அந்த நிமிஷம் நீ நிஜமாகவே செத்துப்போனாய் என்று எனக்கே தோன்றிவிட்டது. வெளியே வந்து எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று தெரியாமல் நின்றேன்.

இனி என்னால் முடியாது. 18-ஆம் தேதி இந்த வருஷத்தின் கடைசி வகுப்பு. நீயே வா. வந்து நீயே சொல்.

நவோயே


சகாடா,
டிசம்பர் 20

நவோயே,

வந்தேன், பார்த்தாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மைக் என் கைக்கு வந்ததும், "அந்த அக்கா நான்தாங்க," என்றேன். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் சத்தமே வெளியே வந்தது. அப்போதும் யாருக்கும் புரியவில்லை. மேடையிலிருந்து நீ "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்தாயே, அதில்தான் நம்பினார்கள். நீ தலை தரையைத் தொடுகிற மாதிரி குனிந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். என்னைத் தனியாக விட்டுவிட்டாய்.

மேடையில் ஏற்றி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் நல்ல மனிதர்கள், ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

தமாயோ தன் தாள்களை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கதவருகே என்னிடம் வந்தாள். "நீங்க உயிரோட இருக்கறது சந்தோஷம்மா. மனசாரச் சொல்றேன். ஆனா எனக்கு அந்த டீச்சர்தான் வேணும்," என்றாள்.

சகாடா வந்து சேரும் வரை அந்த வார்த்தையே காதில் ஓடியது. வலிக்கிறது, மறைக்கவில்லை.

கதை என்னுடையது. வகுப்பு உன்னுடையது. ஜனவரி அறிவிப்பில் ரிட்சு என்று போட வேண்டாம், நவோயே என்று போடுங்கள் என்று மண்டபத்தாரிடம் சொல்லிவிட்டேன். உன் பெயரில் நீ நின்று நடத்து. ஒரு வரி பதில் போடு.

அக்கா


சகாடா,
ஜனவரி 16, 1995

நவோயே,

நீ பதில் போடவில்லை. நேற்று வகுப்புக்கும் வரவில்லை. நான் போயிருந்தேன். தாங்காமல்தான் போனேன்.

எல்லோரும் வந்திருந்தார்கள். தமாயோவும் வந்து, தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் கடந்ததும் என்னிடம் வந்து, "அன்னைக்கு அவங்களை விட்டுட்டு உங்களை மேடையில ஏத்தினதாலயா? எங்க மேல கோவமா அவங்களுக்கு? இனிமே வரவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

வாய் முந்திக்கொண்டது நவோயே. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. காய்ச்சல், அவ்வளவுதான். உங்க கதையைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. அடுத்த மாசம் கண்டிப்பா வருவா," என்றேன்.

கூச்சமே இல்லாமல், திக்காமல், முகம் பார்த்துச் சொன்னேன். சொன்னது நான்தானா என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களை என்னிடம் கொடுத்தாள், உன்னிடம் சேர்த்துவிடச் சொல்லி. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு அக்டோபர் வகுப்பில் தமாயோ முன்னால் உனக்கு என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 19, இரண்டு மணி. நான் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடு.

அக்கா