நம்மூர் ஸ்டேஷனின் தாழ்ந்த பிளாட்பாரம்

அக்கா,

இன்று காலை நம்மூர் ஸ்டேஷனில் ரயில் பிரேக் போட்டு நின்றபோது சூடான இரும்பு வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாடை வந்தால் நான் இன்னமும் அந்த மழைச் சாயங்காலத்தில்தான் போய் நிற்கிறேன்.

மீட்டர்கேஜ் காலத்தில் இந்த ஸ்டேஷனைக் கண்டு யாரும் பயந்ததில்லை. சின்ன வண்டி, தாழ்ந்த பெட்டி. உடுமலைச் சந்தைக்குப் போகிறவர்கள் கூடையைத் தலையில் வைத்தபடியே ஏறிவிடுவார்கள். நாம் பழகியதும் அப்படியொரு வண்டியில்தான். நீங்கள் கோயமுத்தூரில் ஜவுளிக்கடைக்கு, நான் மில் ஆபீசுக்கு. பிறகு அகலப்பாதை போடுவதாகச் சொல்லித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வருஷக்கணக்கில் டிக்கெட் அறையில் ஆடு கட்டிக் கிடந்தது. நாம் பஸ்ஸில் நசுங்கினோம். புது ரயில் வந்த அன்று ஊரே திரண்டு இன்ஜினுக்கு மாலை போட்டது. பெட்டிகள் உயரமாக வந்திருந்தன. பிளாட்பாரம் மட்டும் பழைய உயரத்திலேயே கிடந்தது. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சாயங்காலம் நான் முதலில் குதித்து இறங்கிவிட்டேன். நீங்கள் ஈரப்படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்திருந்தீர்கள். வண்டி நகர்ந்தது. கால் வழுக்கியது. பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே உங்கள் சேலை உள்ளே போவதைப் பார்த்தேன், உங்களைக் காணவில்லை. கத்தினேன். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போன பின்னும் எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது.

"அம்மணி, பொட்டியெல்லாம் போயிருச்சுங்களா?"

பிளாட்பாரச் சுவரோடு ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தீர்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. முழங்கையில் தோல் உரிந்ததைத் தவிர ஒன்றுமில்லை. மேலே தூக்கி உட்கார வைத்த பின்னும் உங்கள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

மறுநாள், இனி பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது கண்ணு. அதுக்காக, நாளைக்கு இன்னொருத்தி அதே சந்துல உழுகட்டும்னு உட்டுப்போட்டுப் போறதா?" என்றீர்கள்.

ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரயில்வே அதிகாரிகளைப் பார்க்கப் போனீர்கள். அங்கே நீங்கள் பேசியபோது உங்கள் ஒரு கை என் முந்தானையைப் பிடித்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வெகுநாள் அலையவைத்துவிட்டுப் பிளாட்பாரத்தை உயர்த்தினார்கள்.

ரயிலுக்குத் தப்பிய உங்களை வீட்டில், பட்டப்பகலில், நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. அன்று நான் ஆபீசில் இருந்தேன். அதன்பிறகு தனியாக வண்டியேறும் ஒவ்வொரு நாளும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். பிளாட்பாரம் இப்போது படிக்குச் சமமாக இருக்கிறது என்று தெரிந்தும் குனிந்து இடைவெளியைப் பார்க்கிறேன்.

இன்று காலை கைக்குழந்தையோடு ஒரு பெண் ரயில் வாசலில் இறங்கத் தயங்கி நின்றாள். விசில் ஊதிவிட்டார்கள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏனுங்கக்கா, உங்க கை இப்பிடி நடுங்குது?"

"பயமுங்க. நீங்க கெட்டியாப் புடிச்சுக்கங்க."

அவளுடைய இரண்டு காலும் தரையில் படும்வரை நான் விடவில்லை, அக்கா.