கடிகாரத்துக்குப் பக்கத்தில் காணாமல் போன விசிறி

எதைப் பேசினாலும் நான் சாப்பிட்டேனா என்பதில் கொண்டுபோய் முடிக்கும் என் அம்மாவுக்கு,

உன் கருமாதி முடிந்துவிட்டது. வல்லத்திராக்கோட்டை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்துவிட்டார்கள். எனக்காக வைத்திருக்க வேண்டாம் என்று அப்பா சொன்னாராம். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தானாம். ஊரார் முன்னால் வாசலில் நிறுத்த முடியாமல் அப்பா என்னை உள்ளே விட்டார், அவ்வளவுதான்.

இதை ஊர் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

ஜான்சியைச் சாதி விட்டுக் கட்டினேன் என்று அப்பா உன் கைபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். நமக்கு மிஞ்சியது என் காலேஜ் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். மத்தியானம் அவர் வெளியே கிளம்பியதும் நீ அதைப் போடுவாய். இங்கிலீஷ் எழுத்து உனக்குத் தெரியாது. கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், விசிறி மாதிரி ஒரு சின்னப் படம் தெரிந்தால் நெட் இருக்கிறது, என்னைக் கூப்பிடலாம் என்று சொல்லியிருந்தேன். "விசிறி வந்துருச்சு தம்பி" என்றுதான் பேச ஆரம்பிப்பாய். ஜான்சி வந்து நின்றால், "தலைக்கு எண்ணெ வைக்க மாட்டியாம்மா நீ?" என்று அதட்டுவாய். அவள் மாசமாக இருப்பதைச் சொன்ன அன்றைக்குக் கண்ணைத் துடைக்காமல் திரையைத் துடைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

அதற்குப் பிறகு நீ வரவே இல்லை.

நான் கூப்பிட்டேன், எழுதினேன். எதையும் நீ பார்க்கவில்லை. கடைசியில் அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஒங்கம்மாவுக்கே ஒன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலையாம். விட்டுரு" என்றார். நான் நம்பினேன் அம்மா. பிள்ளை பிறந்ததும் படம் அனுப்பினேன். அதுவும் அப்படியே கிடந்தது. "பிள்ளை உண்டானதுதான் அத்தைக்குப் பிடிக்கலையா?" என்று ஜான்சி கேட்டாள்.

நேற்றுத் திரும்பிப் போகிற டிக்கெட்டை எடுக்கலாமென்று கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறியைக் காணோம். மறைந்திருக்கும் படங்களைக் காட்டும் அம்புக்குறியை அமுக்கிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அணைத்துப் போட்டும் வரவில்லை. என் கைபோனில் வீட்டு வைஃபை நன்றாகவே ஓடியது. செட்டிங்குக்குள் போய், எந்தெந்தப் படம் தெரிய வேண்டும் என்று வைக்கிற இடத்தைத் திறந்தேன். மற்றதெல்லாம் அசைந்தது. நெட்டுக்கான பொத்தான் மட்டும் சாம்பல் பூத்து, தட்டினால் நகராமல் இருந்தது. வைஃபையைப் பிடிக்கிற கருவியும் முடக்கப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து தானாக நடக்காது. யாரோ உள்ளே புகுந்து தடை போட்டிருக்க வேண்டும்.

அடுத்த வீட்டு வள்ளி அத்தை காபி கொண்டுவந்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஒங்கம்மா தெனம் மத்தியானம் இதுக்கு முன்னாடிதான்யா உக்காந்து கெடக்கும். 'விசிறியக் காணோம் வள்ளி'ங்கும். ஒம் மகன் அங்கிட்டு இருந்தே எடுத்துட்டான், இனி ஒன்னோட பேசமாட்டானாம்னு ஒங்கப்பா சொல்லிட்டாரு. அதையே நம்பிருச்சு. எண்ணெ வைக்கச் சொன்னது மருமகளுக்குக் கோவமாயிருச்சோன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒன் நம்பரு எங்கிட்ட இல்லாமப் போச்சேப்பா."

கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா. ஸ்கூல் ஆபீஸ்ல கம்ப்யூட்டரு பாத்தவன்டா நான். இது பெரிய வித்தையா?"

"அம்மா அதைத் தேடித் தேடியே செத்துருக்குப்பா."

"அவ என் பொண்டாட்டி. அவ எதைத் தேடணும்னு நான்தான் சொல்லணும்." பேப்பரைப் புரட்டினார். "எடுக்கத் தெரிஞ்சுச்சு, திரும்ப வைக்க வரல. வந்தது வந்தே, அதைச் சரி பண்ணிட்டுப் போ. பென்ஷனுக்கு உயிரோட இருக்கேன்னு அதுலதான் காட்டணும்."

உயிரோடு இருப்பதைக் காட்ட!

சரி பண்ணினேன். தடையை எடுத்து, முடங்கிக் கிடந்ததை ஓடவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். விசிறி வந்தது. உன் கணக்கு தானே திறந்துகொண்டது. நான் உனக்கு எழுதியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கியது. ஏம்மா பேச மாட்டேங்கிற, நான் என்ன செஞ்சேன், ஒரு தடவை வா. கடைசியாகப் பிள்ளையின் படம். பிள்ளைக்கு அப்படியே உன் நெற்றி.

பின்னால் மூச்சு கேட்டது. அப்பா எழுந்து வந்து நின்றிருந்தார்.

"பொட்டப்புள்ளையா?" என்றார். கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்த கண்ணாடியைத் தேடினார். "அவள மாதிரியே இருக்கே. பெரிசாக்கு, பாப்போம்" என்று குனிந்தார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

அவர் கண்ணாடியை மாட்டி முடிப்பதற்குள் படத்தை மூடினேன். உன் கணக்கை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். பிறகு அவர் போட்ட அதே தடையை, அவர் கண் முன்னாலேயே, புதுப் பாஸ்வேர்டு வைத்துத் திரும்பப் போட்டேன். விசிறி போய்விட்டது.

"டேய், பென்ஷனு?"

"பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போயி நேர்ல காட்டுங்க."

நீ உட்கார்ந்து கிடந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். இரக்கம் வருமென்று கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன். வரவில்லை.

நீ இருந்தால், "வயசான மனுசன், விட்டுருய்யா" என்பாய். உன்னை அங்கே உட்கார வைத்துவிட்டு, நீ தேடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தவரை எப்படி விட? நான் இப்போது யாருடைய பிள்ளை மாதிரி நடந்துகொண்டேன் என்றும் எனக்குத் தெரிகிறது.

அம்மா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ வாங்கிக்கொள்ள மாட்டாய், இருந்தாலும் தருகிறேன். உன் பேத்தியின் முகத்தை அவர் பார்க்காமலேதான் போவார்.

உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நம்பிய
உன் ஒரே மகன்