இருபது வரை நேரம் இருக்கிறது என்றேன்

எப்போதும் எனக்கு முன்னாலேயே சைக்கிள் ஓடும் என் மச்சாள் வதனிக்கு,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் அம்மா கேட்டிருக்கிறார். "நீதானே பிள்ளை அவளோடை ஒண்டாப் படிச்சனி. ரெண்டு வடிவான வரி எழுதித் தா" என்றார் மாமி. நான்கு நாளாகக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். வடிவான வரி வரவில்லை. பயம்தான் வருகிறது.

முதலில் வகுப்புச் செய்தியைச் சொல்கிறேன். பிரயோக கணிதத்தில் கப்பிகள் முடிந்துவிட்டன. நீ வெறுத்த உராய்வுக் கணக்குகளும் முடிந்தன. அத்தனை பொடியன்களுக்கு நடுவில் இரண்டே இரண்டு பெட்டைகளா என்று என் அம்மா முதலில் மறித்தது நினைவிருக்கிறதா? இப்போது நான் ஒருத்திதான். வகுப்பில் நாம் இருந்த வாங்கில் உன் இடத்தில் யாரும் இருப்பதில்லை. இருக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் கணித சேர் எறியங்கள் தொடங்கினார். எறிந்த பொருள் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும், எங்கே போய் விழும் என்கிற பாடம். கரும்பலகையில் ஒரு வளைகோட்டைக் கீறி, "வளித்தடையைப் புறக்கணிக்க" என்று எழுதினார்.

"சேர், அதை ஷெல் அடிக்கிற ஆமிக்காரனுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றான் கடைசி வாங்கில் இருக்கும் நெட்டையன்.

"காத்துக்குத் தடை இருக்கோ இல்லையோ, உன்ரை வாய்க்கு இல்லை. இரடா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மச்சாள். பிறகு சேர் இன்னொரு வளைகோடு கீறினார். இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் புறப்பட்டு, ஒரே இடத்தில் விழுகின்றன. ஒன்று உயரப் போய் ஆறுதலாக இறங்குகிறது. மற்றது தாழப் பறந்து சீக்கிரம் வந்துவிடுகிறது.

"விழுற இடம் ஒண்டுதான் பிள்ளையள். எடுக்கிற நேரம்தான் வேறை" என்றார்.

அந்தத் தாழ்ந்த வளைகோட்டைக் கொப்பியில் கீறும்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

நீ போன அன்று பின்னேரம் உங்கள் கிணற்றடியில் இருந்துதானே கணக்குச் செய்தோம். ஆமி முகாமிலிருந்து ஷெல் குத்தி ஏவும் சத்தம் கேட்டதும் பங்கருக்கு ஓடினோம். அது வந்து விழும்வரை ஊரில் எல்லாரும் எண்ணுவதுபோல் நாமும் எண்ணினோம். இருபதுக்குக் கிட்டப் போனால்தான் எங்கள் பக்கத்தில் விழும். மாதக்கணக்காக அப்படித்தான். ஐந்து எண்ணும்போது எனக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ, என்ரை கொப்பி கிணத்தடியிலை!"

"நான் எடுத்துக்கொண்டு வாறன். நேரம் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு. ஓடு."

பதின்மூன்று எண்ணும்போது விழுந்தது.

அது அந்தத் தாழ்ந்த கோட்டில் வந்ததா, வேறு பீரங்கியிலிருந்து வந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் நேரம் கிடக்கு என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னேன்? என் வாயில் எப்படி அது வந்தது?

செத்தவீட்டில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவள் என்னத்துக்கு அம்மா திரும்பப் போனவள்?" "தெரியாது மாமி" என்றேன். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும் மாமி ஒன்றையே சொல்லி அழுகிறார். "வாளியை எடுக்கப் போயிருப்பாள். நான்தான் அதைக் கிணத்தடியிலை விட்டிட்டு வந்தனான்."

வாளியாம், மச்சாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் குத்துகிற சத்தம் கேட்டால் வாய் தானாக எண்ணத் தொடங்குகிறது. எந்த எண்ணில் நிறுத்துவது என்று தெரியாமல் காதைப் பொத்திக்கொள்கிறேன். ஆனால் அதைவிட மாமியின் முகத்துக்குத்தான் கூடப் பயம். உன் நீலச் சட்டையை எனக்குத் தந்து, "நீ போடு, நான் பாக்கவேணும்" என்றவர். உண்மை தெரிந்த பிறகும் என்னை அப்படிப் பார்ப்பாரா?

நாளைக் காலை மாமா இந்தப் பக்கத்தை வாங்கி அச்சகத்துக்குக் கொண்டுபோக வருவார். அதற்கு முன்னம் நான் உங்கள் வீட்டுக்குப் போவேன். மாமியை இருத்தி, முதல் வரியிலிருந்து வாசிப்பேன். கொப்பி என்னுடையது என்கிற இடத்திலும் நிறுத்தமாட்டேன். இதை மலரில் போடுவதா, கிழித்து எறிவதா என்பதை மாமியே சொல்லட்டும். எதைச் சொன்னாலும் சரி, அந்த வாளிக்காக அவர் இன்னொரு நாள் அழ விடமாட்டேன்.

உன்னை ஓடச் சொன்ன உன் மச்சாள்,
பவானி