சம்பந்திமார் மலிவுப் பட்சியில் வந்தது குறித்துச் சங்குத்தீவு அரசிக்கு விடுத்த ஓலை

மங்கலம் பெருகுக. மழை பிழையாது பொழிக. முகில்நாட்டு முடிவேந்தரும், இடியொலிக்கும் இமையாதவரும், உண்ட களைப்பிலும் வழக்குக் கேட்பவருமாகிய கார்முகிலார், கடல் நடுவே அலைகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஒருங்கே இடங்கொடுத்து வரும் சங்குத்தீவின் அரசி நீலமுத்தியார் திருமுன் விடுத்த ஓலை. தங்கள் தென்னைகள் காய்த்துக் குலுங்குக. தங்கள் விருந்தினர் விரைவில் விடைபெறுக.

அவ்விருந்தினர் தங்கள் தீவில் வந்து இறங்கிய கதையைக் கேட்டருள்க. எம் நகரத்து வணிகன் நன்னாகன் என்பான் அண்டரண்டப் பட்சிகளைப் பழக்கி, முதுகில் பலகை கட்டி, பக்கத்து ஊர்களுக்கு ஆளேற்றி வந்தான். வண்டிக்கூலியிலும் குறைந்த கூலி. பசிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஊரே கொண்டாடியது, யாமும் பொன்னாடை போர்த்தினோம். நண்டு கொழுத்தால் வளையில் இராதன்றோ? கடல் கடந்து அக்கரை நாட்டுக்கும் பட்சி விடத் துணிந்தான். கூலியைக் குறைத்தே வைத்து, நெடுவழியில் பசித்தவர்க்குச் சோறும், சாய்வார்க்குத் திண்டும் விற்று ஈடுகட்டலாம் என்பது அவன் எண்ணம். இருகரை மக்களையும் அவன் அறியவில்லை. ஏறியவர் எல்லாரும் மூட்டை நிறையப் புளிச்சோறும் முறுக்கும் கட்டிக்கொண்டே ஏறினர். ஒரு கவளமும் விலைபோகவில்லை. பட்சிக்கோ மலையளவு இரை வேண்டும்.

இவ்வேளையில்தான் எம் முதலமைச்சர் ஆதன்பிரான், தம் மகள் தேமொழியின் திருமணத்துக்கு அக்கரை நாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை வரவழைக்க வேண்டியவரானார். வழிச்செலவு பெண்வீட்டாருடையது என்பது தாங்கள் அறிந்ததே. அமைச்சர் நல்லவர், ஆயினும் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். கப்பல் கூலியைக் கேட்டு நெஞ்சைப் பிடித்தவர், பட்சிக் கூலியைக் கேட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சம்பந்தி அம்மையார் பெருநங்கையாருக்குத் திண்டு வேண்டுமோ என்று வணிகன் வினவ, அவர் நிமிர்ந்து உட்காரும் குலத்தவர் என்று அமைச்சர் விடை பகர்ந்தாராம்.

மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவந்த பட்சி பாதிவழியில் பசித்துத் தங்கள் அரண்மனைக் கூரையில் இறங்கியது. இரையின்றி எழ மறுத்தது. இரை வாங்க வழியற்ற நன்னாகன் கடையை அடைத்துத் தலைமறைவானான். பெண்வீட்டார் அனுப்பும் எதிலும் இனி ஏறோம் என்றும், முகூர்த்தம் தவறினால் சம்பந்தமே இல்லை என்றும் பெருநங்கையார் சூளுரைத்ததாகத் தங்கள் தூதர் உரைத்தார். அதுகேட்டு அமைச்சர் அவையிலேயே அழுதார். பெற்ற மனம் பதைப்பது கண்டு எமக்கும் கண் கலங்கியது. எனினும் கண்ணீரைத் துடைத்த கையோடு, மீன்படகு ஏதும் மலிவாகக் கிடைக்குமா என்று அவர் விசாரித்ததை மறைப்பதற்கில்லை.

அப்போது தேமொழி எம்முன் வந்து, தந்தையார் பேரம் பேசி முடிப்பதற்குள் தன் தலை நரைத்துவிடும் என்றும், மாப்பிள்ளை வர இயலாவிடில் தானே சென்று மணப்பதாகவும் விண்ணப்பித்தாள். எமக்கு அது நியாயமாகவே பட்டது. ஆதலால் எம் அரசக் கப்பலில் அவளே இவ்வோலையைக் கொண்டு வருகிறாள். அமைச்சரும் உடன் வருகிறார்.

வரும் வளர்பிறை முகூர்த்தத்தில் தங்கள் அவையிலேயே மங்கலநாண் பூட்டுவித்தருள்க. தீவினர் யாவரும் பந்தியில் அமர்க. கூரைமேல் பட்சிக்கும் வயிறார இடுக. செலவு முழுதும் பெண்ணின் தந்தையுடையது. விலை கேட்க அவர் வாய் திறப்பாராயின், எம் இடிமுத்திரையைக் காட்டி, அவ்வாயில் அதிரசம் இடுக.

இது எம் ஆணை. எம் கைப்பட எழுதி, தேமொழிக்கு மட்டும் படித்துக் காட்டி, அமைச்சர் பார்ப்பதற்குள் முத்திரையிட்டோம்.