உன் கைக்குக் கீழே இருந்த கல்

என் அன்புத் தம்பி ராசனுக்கு,

உன்னை நீ நின்ற இடத்திலிருந்து வெட்டியெடுத்துவிட்டார்கள். நடந்த பிழை இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் சுற்றிவளைத்துக் கதைக்க வேண்டாம். சீனாவில், ஹோங்சுன் என்ற பழைய ஊரில், கல்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நீ நின்ற படம் அது. பாலத்தை வெட்டினார்கள். குளத்தை வெட்டினார்கள். பின்னால் நின்ற வெள்ளைச் சுவர்களையும் கறுப்பு ஓடுகளையும் வெட்டினார்கள். உன்னை மட்டும் கொண்டுபோய் எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு முன்னால் ஒட்டினார்கள்.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்தில் கொடுத்த நினைவு மலரின் அட்டையில் அப்படித்தான் வந்தாய். இந்தப் பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தாய். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் இந்தப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். பிழை வந்த இடத்திலேயே திருத்தமும் வரட்டும்.

கையை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்லில் ஊன்றியிருந்த உன் வலது கை இப்போது காற்றில் நிற்கிறது. நீ ஒரு நாயைத் தடவிக்கொண்டு நின்றதுபோலவும், நாயை மட்டும் யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டதுபோலவும் இருக்கிறது.

வருகிற மாதம் நீ போய் ஒரு வருடம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறேன். கட்டடத்தில் லிஃப்டைத் திருத்திவிட்டார்கள். கீழே இருந்த மீன்கடை கைமாறிவிட்டது. புதிய ஆளுக்கு விளைமீன் எது, பாரை எது என்று தெரியவில்லை. உன் பனிச்சப்பாத்துகள் கதவடியில் அப்படியே இருக்கின்றன. நான் அவற்றைத் தாண்டிப் போகிறேன், தாண்டி வருகிறேன். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், உப்புச் சரியா என்று கேட்டால் தெரியாது. இந்தப் படத்தை நினைத்தால் மட்டும் உள்ளே ஏதோ கொஞ்சம் அசைகிறது. அது கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

உன்னை அறிந்தவர்கள் என்று வந்து இரங்கலுரை சொன்னவர்கள் எல்லோரும் ஊர்ப்பற்று, மண்பற்று என்றார்கள். உனக்கு எதில் பற்று என்று அவர்களில் யார் கண்டார்கள்? நீ கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஐந்து பெடியன்களோடு ஒரே அறையில் இருந்தபோது, உன் கட்டிலுக்கு மேலே ஒரு சீனக் கலண்டர் தொங்கியது. நீ கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடையின் முதலாளி தந்தது. அதில் ஒரு பக்கத்தில் மூடுபனிக்குள் ஒரு பாலம், அதற்குப் பின்னால் படிப்படியாக இறங்கும் சுவர்கள். அந்தப் பக்கத்தை நீ திருப்பவே இல்லை. மாதத்தைக் கீழே பென்சிலால் எழுதிக்கொள்வாய். ஊரெல்லாம் ஏப்ரல், உன் சுவரில் மட்டும் நவம்பர். நான் கனடாவுக்கு வந்திறங்கி உன்னைப் பார்க்க வந்த அன்று அதைக் கண்டு, “உதென்னடா, சாமிப்படம் வைக்கிற இடத்தில?” என்று கேட்டேன்.

“சாமி எல்லா இடத்திலயும் இருக்கிறார் அக்கா. பாலம் உதில மட்டும்தான் இருக்கு,” என்றாய்.

அத்தனை வருடம் வேலை, பிள்ளை, பிறகு உன் மனைவியின் வருத்தம், ஆஸ்பத்திரி, அவளுடைய சாவு. உன் மகன் கஜன் கல்யாணம் முடித்து விட்பி நகருக்குப் போன பிறகுதான், ஸ்காபரோவில் இந்த அப்பார்ட்மென்டில் நீயும் நானும் மட்டும் இருந்தபோது, ஒரு நாள் சொன்னாய்: “அக்கா, சீனாவுக்குப் போவம்.” நான் மறுக்கவில்லை. மறுத்தாலும் நீ போயிருப்பாய் என்பது வேறு கதை.

சீனாவில் அந்தச் சுற்றுலாப் பஸ் ஞாபகமா? மார்க்கம் நகரத்திலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் வந்த வயதான சீனர்களுக்கு நடுவில் தமிழர் என்று நாங்கள் இருவர்தான். வழிகாட்டிப் பெண் பத்து நிமிடம் சீனத்தில் சொல்லிவிட்டு, எங்களுக்காக ஆங்கிலத்தில் “மிகப் பழைய ஊர்” என்று முடிப்பாள். எல்லோரும் எங்களைப் புருஷன் பெண்சாதி என்று நினைத்தார்கள். நீ என்னைக் காட்டி, கையை உயர்த்தித் தாழ்த்தி, அக்கா தம்பி என்று விளக்கினாய். அன்றிலிருந்து பஸ் முழுக்க என்னை “தா ஜியே” என்று கூப்பிட்டது. பெரியக்கா என்று பொருளாம். உணவு மேசையில் மீனின் கன்னத்துச் சதையை எடுத்து முதலில் என் கிண்ணத்தில் வைத்தார்கள்.

லீ ஆற்றில் படகில் போனபோது இரண்டு பக்கமும் மலைகள், தனித்தனியாக, ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட ஆட்கள்போல நின்றன. எல்லோரும் படம் எடுத்தார்கள். நீ எடுக்கவில்லை. உனக்கு மலை முக்கியமில்லை, கட்டியதுதான் முக்கியம்.

ஹோங்சுனில் இறங்கியதும் நீ நேரே குளத்தடிக்கு நடந்தாய். குளத்தின் கரையில் வெள்ளைச் சுவர் வீடுகள், தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு வரிசை வீடுகள். கரை நெடுகப் பள்ளிப் பிள்ளைகள் குந்தியிருந்து அதையே வரைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டின் பக்கச்சுவரும் கூரையைவிட உயரமாக எழும்பிப் படியாக இறங்கியது. குதிரைத்தலைச் சுவர் என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதெல்லாம் நூலகத்தில் சிறுபிள்ளைகளின் படப்புத்தகங்களை அகராதி வைத்து வாசித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் தெரிந்தது தெரிந்ததுதான். அந்தச் சுவர் எதற்கு என்று உனக்குச் சொன்னேன்.

நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். “ஒரு வீட்டில நெருப்புப் பிடிச்சா அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது எண்டு யோசிச்சிருக்கிறாங்கள், என்னக்கா?” என்றாய். ஊரில் எங்கள் வீடு எப்படி எரிந்து போனது, அதிலிருந்து எத்தனை வீடுகள் போயின என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு வீட்டுக்குள் போனோம். வெளிப்பக்கம் சன்னல்கள் சின்னனாக, எட்டாத உயரத்தில். உள்ளே நடுவில் கூரை திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மழை. நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே கல்தொட்டியில் விழுந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். நீ தூவானத்தில் நின்றாய். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கட நாற்சார் வீடு மாதிரி எல்லே?” என்றேன்.

“அக்கா, இவ்வளவு தூரம் வந்தும் அதையே பாக்காதேங்கோ. இதை இதாப் பாருங்கோ.”

அதற்குப் பிறகு நான் ஒப்பிடவில்லை. மழை விட்டதும் பாலத்துக்குப் போனோம். ஈரக்கல்லில் கையை வைத்தாய். “உன்ர கலண்டர்ப் பாலம் இதுதானோ?” என்று கேட்டேன்.

“இது அதில்லை. அதின்ர சொந்தக்காரர்,” என்று சொல்லிச் சிரித்தாய். அப்போது எடுத்த படம்தான் அது. எடுத்தது நான், உன் போனில். மருந்துக்கடையில் உள்ளங்கை அளவில் ஒரு பிரதி போட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி வைத்தேன்.

இப்போது மலர் கொடுத்த நாளைச் சொல்கிறேன். மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பார்க்டேல் அறையில் உன்னோடு இருந்த ஐந்து பேரில் ஒருவர், மலரைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

“அக்கா, ராசன் கடைசியா ஊருக்குப் போட்டு வந்திட்டார் போல. நல்ல விசயம். எப்ப போனவர்?”

“போகேல்லை.”

“கோயிலடியில நிக்கிறார்?”

“படம் நிக்குது. ஆள் போகேல்லை.”

அவர் மலரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “கையை ஏன் உப்பிடி வைச்சிருக்கிறார்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

“வடை எடுத்தனீங்களே அக்கா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த நாளே பஸ் பிடித்து, மலரை அச்சடித்த பிளாசாக் கடைக்குப் போனேன். வடிவமைத்த பெடியன் மரியாதையான பிள்ளை. கதிரை தந்தான்.

“அன்ரி, பாக்ரவுண்ட் சீனாக் கடை மாதிரி இருந்தது. உங்கட மருமகன் கஜன்தான் கோயில் போடச் சொன்னவர். கைதான் கஷ்டப்படுத்திப்போட்டுது. ஒரு தூண் வைச்சுப் பாத்தன், சரிவரேல்லை. குத்துவிளக்கும் வைச்சுப் பாத்தன்.”

“வெட்டாத படம் எங்கை?”

“வெட்டினதுதான் அன்ரி இருக்கு. மற்றதை அழிச்சுப்போட்டன்.”

உன் போனும் இல்லை. கஜன் அதில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, புதுப் போனுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டானாம். ஆகவே நீ முழுதாக நிற்கும் படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், என் குளிர்சாதனப்பெட்டியில். நான் அதற்கு இன்னும் இரண்டு காந்தம் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கஜன் வந்தான். ஆண்டுத் திவசத்துக்குக் கோபுரப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, விட்பி வீட்டு ஹோலில் நிரந்தரமாக மாட்டப் போவதாகச் சொன்னான். அப்படியென்றால் நான் வரமாட்டேன் என்றேன்.

“மாமி, பிளீஸ். அது ஒரு பாக்ரவுண்ட்தானே.”

“கொப்பரை, என்ர தம்பியை, நான் பாலத்தில விட்டு எடுத்தனான். நீ கொண்டுபோய் எங்கை விட்டனி?”

“சனம் கதைக்கினம் மாமி. ஃபியூனரலில எத்தனை பேர் கேட்டவை தெரியுமே? இத்தனை வருசத்தில ஒருக்காக்கூட ஊருக்குப் போகாத மனிசன், சீனாவுக்கு ஏன் போனவர் எண்டு. எனக்குப் பதில் தெரியாது. ஐ ஜஸ்ட் வான்டட் தெம் டு ஸ்டொப்.”

“என்னைக் கேட்டிருக்கலாம்.”

“நான் அப்பாவையே கேட்டனான். அவர் சிரிச்சவர்.”

நீ பஸ்ஸில் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். மகனுக்குச் சொல்லாததைச் சொன்னதற்கு நீ கோபிக்கலாம், கோபி. அன்று நீ சொன்னாய்: “அங்க நான் பாக்கவேண்டிய ஆக்கள் ஒருத்தரும் இல்லை அக்கா. வெறும் இடம்தான் இருக்கு. வெறும் இடம் பாக்கிறதெண்டா, வடிவான இடமாப் பாத்திட்டுப் போவம்.”

கஜன் எழுந்து குளிர்சாதனப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். இந்த வீட்டுக்கு எத்தனை தடவை வந்து, அதைத் திறந்து மூடியிருப்பான். அன்றுதான் அந்தப் படத்தைப் பார்த்தான்.

“எங்கட படத்திலயும் இதே சிரிப்புத்தான்,” என்றான். “அதில ஏன் சிரிக்கிறார் எண்டு எனக்கு விளங்கேல்லை.”

பிறகு, “சட்டத்துக்கு ஓடர் குடுத்தாச்சு மாமி,” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டான். உன் சப்பாத்துகளைத் தாண்டித்தான் போனான். மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் உன் மகன்.

நான் இறங்கிவரப் போவதில்லை. ஆனபடியால் செய்யவேண்டியதை எல்லோரும் கேட்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கஜன் அந்த ஓடரை நிறுத்த வேண்டும். கொடுத்த காசு போனால் போகட்டும். சட்டம் வந்துவிட்டால் சட்டம் இருக்கட்டும், உள்ளே இருக்கும் படம் மாற வேண்டும். ஹோலில் மாட்டும்போது, பாலத்தின் இரண்டு முனையும் தெரியும்படி மாட்ட வேண்டும். யாராவது ஏன் சீனா என்று கேட்டால், அவன் வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் இப்போது அவனிடம் இருக்கிறது.

அச்சுக்கடைப் பிள்ளை என் குளிர்சாதனப்பெட்டிப் படத்தை ஸ்கான் பண்ண வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு கூரை ஓட்டைக்கூட அழகுபடுத்தக் கூடாது. மழையில் நனைந்த உன் சேர்ட்டும் நனைந்தபடியே இருக்கட்டும்.

இந்தப் பத்திரிகை, வெட்டிய படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில், வெட்டாத படத்தைப் போட வேண்டும். கீழே ஊர்ப்பெயரைச் சரியாக எழுத வேண்டும்: ஹோங்சுன், ஆன்ஹுய் மாகாணம், சீனா.

திவசத்துக்கு வருகிறவர்கள், நீ எங்கே போகவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, போன இடத்தில் என்ன கண்டாய் என்று கேட்கட்டும். சுவர் ஏன் படியாக இறங்குகிறது என்று நான் சொல்வேன். சோறு ஆறினாலும் சொல்லி முடிப்பேன்.

நான் செய்யவேண்டியது ஒன்றுதான், அதை உனக்கு வாக்காகவே தருகிறேன். முழுப்படம் சுவரில் ஏறும்வரை விட்பி வாசற்படியை மிதிக்கமாட்டேன். ஏறிய அன்று, முதல் ஆளாக வந்து அதற்கு முன்னால் நிற்பேன். அப்போதாவது அழுகை வருகிறதா என்று பார்ப்போம்.

நீ செய்யவேண்டியது ஒன்றுமில்லை. கல்லிலிருந்து கையை எடுக்காமல் நில்.

உன்னைப் பாலத்தில் விட்டுப் படம் எடுத்த
உன் பெரியக்கா,
ஸ்காபரோ